மறு: ‘ஃபேஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன? ‘பதம்’ என்று முன்மொழிகிறேன்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

வேதியியலில் ‘ஃபேஸ்’ என்பது சேர்மானத்திலும் நிலையிலும் எங்கும் ஒரே தன்மையாக இருக்கும் பொருள். ஒரு கலனில் எத்தனை ஃபேஸ் சேர்ந்திருக்கலாம், அப்போது வெப்பநிலை, அழுத்தம் போன்றவற்றில் எத்தனையை நம் விருப்பம்போல் மாற்றலாம் என்று கணக்கிடுவது அமெரிக்க அறிஞர் கிப்ஸின் ‘ஃபேஸ்’ விதி. அந்த ‘ஃபேஸ்’ என்பதற்கான தமிழ்ச் சொல் பற்றி இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் நிதானமாகப் படித்தேன். நிலை, நிலைமை, அவத்தை, கட்டம், பிரிவு, படி, சீர்மம் என்று ஏழு சொற்கள் வந்திருக்கின்றன. எட்டாவதாக ஒன்றை நான் சொல்ல விரும்புகிறேன்: பதம். கொஞ்சம் நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில். அரசுப் பெயர் இப்போது பெஸ்தாரி ஜெயா, ஊர்க்காரர்கள் வாயில் பழைய பெயர்தான். மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் தொடங்கியது இங்கே பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில். செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபின், மாலையில் ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) வேதியியல் சொல்லித்தருகிறேன். தோட்டத்து வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். பள்ளியில் அவர்கள் கேட்பது ‘ஃபாசா’ என்ற மலாய்ச் சொல். நிலவின் பிறைக்கும் அதே சொல், மூன்று இணைப்பு மின்சாரத்துக்கும் அதே சொல். நாம் அப்படி ஒரே சொல்லைத் தேட வேண்டியதில்லை. அலைக்குக் ‘கட்டம்’ என்றும் மின்சாரத்துக்கு ‘மும்முனை’ என்றும் தமிழில் ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம். ஆகவே ‘கட்டம்’ அலையோடேயே இருக்கட்டும்.

கோவை ஐயா ‘நிலை’ போதும் என்கிறார். எளிமையான சொல், பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் விதியின் உயிரே எண்ணிக்கையில்தான் இருக்கிறது, அந்த எண்ணிக்கையைத்தான் ‘நிலை’ கெடுத்துவிடுகிறது. எங்கள் ஆலையில் பழத்தைப் பிழிந்து வரும் சாற்றைத் தெளியவைக்கும் தொட்டியைப் பாருங்கள். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் கீழே நிற்கும். இரண்டும் திரவ நிலை. நிலையை எண்ணினால் ஒன்று, கிப்ஸ் எண்ணினால் இரண்டு. கந்தகம் இன்னும் தெளிவான சான்று. அதற்குத் திண்மத்திலேயே இரண்டு வடிவம் உண்டு, சாய்சதுரக் கந்தகம் ஒன்று, ஒற்றைச் சரிவுக் கந்தகம் ஒன்று. சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 95.5 பாகை செல்சியஸில் ஒன்று மற்றொன்றாக மாறும். திரவத்தையும் ஆவியையும் சேர்த்தால் நான்கு. மூன்று நிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நான்கை எங்கே வைப்பது? ‘நிலைமை’ என்று நீட்டினாலும் இதே சிக்கல்தான்.

‘பிரிவு’ என்று சொல்வோருக்கு நேர் எதிர்ச் சிக்கல். ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் துருவிய பனித்துகள் ஆயிரம் இருக்கும். ஆயிரமும் சேர்ந்து ஒரே ஃபேஸ். அளவிலும் உருவத்திலும் மட்டும் வேறுபடுகிறவை ஒன்றே என்றும், சேர்மானத்திலோ நிலையிலோ வேறுபட்டால்தான் வேறு என்றும் கிப்ஸ் வரையறுத்திருக்கிறார். 1875 முதல் 1878 வரை கனெக்டிகட் அகாதெமியின் வெளியீட்டில் பகுதி பகுதியாக வந்த அவருடைய நீண்ட கட்டுரையின் அடித்தளமே இதுதான். ஆகவே நமக்கு வேண்டியது துண்டைக் குறிக்கும் சொல் அல்ல, தன்மையைக் குறிக்கும் சொல்.

‘படி’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஒருபடித்தான கலவை, பலபடித்தான கலவை என்று பாடநூலில் இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கலாம் என்று நண்பர் சொன்னது நல்ல வாதம். ஆனால் ‘பலபடி’ என்பது ரப்பர் போன்ற பாலிமருக்குப் புழங்கும் சொல். ரப்பர் விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சொல்லை வேறு பொருளுக்குத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. ‘சீர்மம்’ தன்மையை நன்றாகச் சொல்கிறது, தனிமம், திண்மம், நீர்மம் வரிசையிலும் அழகாக உட்காரும். ஆனால் பக்கத்திலேயே ‘சேர்மம்’ நிற்கிறது. இரண்டு சேர்மங்கள், மூன்று சீர்மங்கள் என்று வகுப்பில் வேகமாகச் சொன்னால் கடைசி வரிசைப் பிள்ளைக்கு எது கேட்கும்?

யாழ்ப்பாணத்து அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ‘அவத்தை’ ஈழத்துப் பாடநூல்களில் வேரூன்றிய சொல். ‘அவத்தைச் சமநிலை’ என்று படித்துத் தேர்வு எழுதியவர்கள் எத்தனையோ பேர். அதைத் தள்ளச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை, தள்ளவும் வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்தில் அவஸ்தை என்றால் படாத பாடு படுவதுதான். பிள்ளை அந்தப் பொருளைத் தாண்டி வந்துதான் வேதியியலுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. நம் கலைச்சொல் தொகுப்பில் இரண்டையும் அருகருகே அச்சிடலாம் என்பது என் எண்ணம்.

சரி, ஏன் பதம்? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எங்கே எடுத்துப் பார்த்தாலும் அந்த ஒன்று முழுவதற்கும் சான்றாக நிற்கும் என்பதுதானே அதன் பொருள். ஃபேஸ் என்பதன் இலக்கணமும் அதுவே. எண்ணெய் அடுக்கில் எந்த இடத்தில் ஒரு துளி எடுத்தாலும் அது அந்த அடுக்கு முழுவதற்கும் சான்று, தண்ணீர் அடுக்குக்கு அது சான்றாகாது. அப்படியானால் அங்கே இரண்டு பதம். பனித்துகள் எத்தனை இருந்தாலும் ஒரு துகள் எல்லாத் துகளுக்கும் சான்று, ஆகவே ஒரு பதம். வரையறையை இவ்வளவு எளிதாக எடுத்துக்காட்டும் சொல்லை வேறெங்கும் நான் காணவில்லை.

கூட்டுச் சொற்களும் சிரமமின்றி வருகின்றன: பதச் சமநிலை, பத வரைபடம், பத எல்லை, பதமாற்றம். விதியை மட்டும் ‘பதங்களின் விதி’ என்று விரித்து எழுதச் சொல்வேன். ‘பதவிதி’ என்று சேர்த்தால் காதில் பதவி போல விழுகிறது.

விதியில் வரும் ‘டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்’ என்பதற்கும் இங்கேயே ஒரு முடிவு வேண்டும். தமிழ்நாட்டு இயற்பியல் நூலிலுள்ள ‘சுதந்திர இயக்கக்கூறுகள்’ வாயு மூலக்கூறுக்குப் பொருந்தும். இங்கே இயக்கம் எதுவும் இல்லை. வெப்பநிலை, அழுத்தம், சேர்மானம் ஆகியவற்றில் எத்தனையை நம் விருப்பம்போல் மாற்றலாம் என்பதே கேள்வி. அதோடு ‘கம்போனன்ட்’ (கலனில் உள்ளவற்றை ஆக்கும் தனித்தனி வேதிப்பொருள்) என்பதற்குக் ‘கூறு’ என்று வைத்தபின் மறுபக்கமும் கூறு வந்தால் குழப்பம்தான். ‘கட்டின்மை’ என்று வைக்கலாம். அப்போது விதி இப்படி நிற்கும்: க = கூ − ப + 2. அதாவது கட்டின்மை என்பது கூறுகளின் எண்ணிக்கையிலிருந்து பதங்களின் எண்ணிக்கையைக் கழித்து இரண்டைக் கூட்டியது.

ஒரு சொல்லின் தகுதியை ஒரு பத்தி எழுதித்தான் பார்க்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்காக எழுதிய குறிப்பிலிருந்து ஒன்றைத் தருகிறேன்.

“செம்பனைக் குலைகளை முதலில் நீராவியில் அவிக்கிறார்கள். கலனுக்குள் நீராவியும், அது குளிர்ந்து வடிந்த தண்ணீரும் சேர்ந்திருக்கின்றன. கூறு ஒன்று, பதம் இரண்டு, ஆகவே கட்டின்மை ஒன்று. அழுத்தத்தை நாம் முடிவு செய்துவிட்டால் வெப்பநிலை தானாக முடிவாகிவிடும். அழுத்தமானி 3 பார் காட்டினால், அதாவது வளிமண்டலத்தையும் சேர்த்து 4 பார் என்றால், வெப்பநிலை ஏறத்தாழ 144 பாகை. இப்போது கலனில் காற்றும் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்றை ஒரே கூறாக எண்ணினால் கூறு இரண்டு, பதம் அதே இரண்டு, கட்டின்மை இரண்டாகிவிடும். அழுத்தமானி அதே 3 பாரைக் காட்டினாலும் வெப்பநிலை இதுதான் என்று இனிச் சொல்ல முடியாது. மேலே உள்ள வளிமப் பதத்தில் கால் பங்கு காற்று என்றால் நீராவியின் பங்கழுத்தம், அதாவது நீராவி மட்டும் தரும் அழுத்தம், 3 பார்தான், வெப்பநிலை ஏறத்தாழ 133.5 பாகைக்கு இறங்கிவிடும். அதனால்தான் அழுத்தத்தை ஏற்றுவதற்கு முன் நீராவியை விட்டுக் காற்றை வெளியே தள்ளுகிறார்கள்.”

இந்தப் பத்தியில் பதம் இருக்கும் இடத்தில் ‘நிலை’, ‘பிரிவு’, ‘அவத்தை’ என ஒவ்வொன்றாகப் போட்டு வாசித்துப் பாருங்கள். காற்றும் நீராவியும் கலந்து ஒரே பதமாக நிற்கின்றன என்பதைப் ‘பிரிவு’ மறைத்துவிடும். ‘வெப்பநிலை’ அடிக்கடி வரும் பாடத்தில் இன்னொரு ‘நிலை’ காலை இடறும். காற்றைத் தள்ளும் வேலையைத் தன் தகப்பன் ஆலையில் செய்கிறார் என்று தெரிந்த பிள்ளை, அதற்குப் பின்னால் கிப்ஸ் இருக்கிறார் என்று தமிழிலேயே புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளையும் யோசித்தேன். பதம் என்றால் சொல் என்றும் பொருள், பகுபதம், பகாப்பதம் உண்டே என்பீர்கள். இலக்கண வகுப்பும் வேதியியல் வகுப்பும் ஒரே மணியில் நடப்பதில்லை, அது பெரிய தடை இல்லை. இரண்டாவது, சர்க்கரைப் பாகு. ஒரு கம்பிப் பதத்திலிருந்து இரண்டு கம்பிப் பதத்துக்குப் போகும்போது புதிதாக எதுவும் பிரிவதில்லையே என்று கேட்கலாம். பிரிவதில்லைதான். ஆனால் சேர்மானம் மாறினால் வேறு ஃபேஸ் என்றே கிப்ஸின் மூல வரையறை சொல்கிறது, அந்த வகையில் நம் அடுக்களை வழக்கு அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. விதி கேட்பதோ, ஒரே நேரத்தில் பானையில் எத்தனை பதம் சேர்ந்திருக்கிறது என்பதை. பாகில் அது ஒன்றுதான். சர்க்கரை பூத்துப் படிகம் கண்டால் இரண்டு.

மூன்றாவதுதான் உண்மையில் யோசிக்க வைத்தது. திண்மம் நேரே ஆவியாவதைப் ‘பதங்கமாதல்’ என்கிறோம். சித்த மருத்துவத்திலிருந்து வந்த சொல், அதை விட முடியாது. ‘பதங்கள்’ என்ற பன்மை அதன் பக்கத்தில் வந்து நிற்கும், அதுவும் ஒரே பாடத்தில். எண்ணோடு வரும் இடங்களில் பன்மை விகுதியை விட்டு ‘இரண்டு பதம்’, ‘மூன்று பதம்’ என்றே எழுதலாம், தமிழுக்கு அது இயல்புதான். இதைவிட நல்ல வழி யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், மகிழ்ச்சியோடு கேட்பேன்.

பனி, தண்ணீர், ஆவி மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்கும் நீரின் மும்மைப் புள்ளியை இந்தச் சொற்களில் எழுதினால்: கூறு ஒன்று, பதம் மூன்று, கட்டின்மை சுழியம். 0.01 பாகை செல்சியஸ், ஏறத்தாழ 611.66 பாஸ்கல், வேறு எங்கும் இம்மூன்றும் சமநிலையில் சேர்ந்திருக்காது. அந்த அசையாத்தன்மையை நம்பித்தான் 1954 முதல் 2019 வரை வெப்பநிலையின் கெல்வின் அலகையே அதன்மேல் வரையறுத்திருந்தார்கள். கந்தகத்தின் நான்கு பதமும் ஏன் ஒருபோதும் ஒன்றாகச் சமநிலையில் நிற்க முடியாது என்பதையும் பிள்ளைகள் இதே கணக்கில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கட்டின்மை −1 என்று வரும், அப்படி ஒன்று இருக்க முடியாது.

தொகுப்பில் சேர்க்க என் பரிந்துரை: பதம் (ஈழ வழக்கு: அவத்தை), கூறு, கட்டின்மை, பதச் சமநிலை, பத வரைபடம், பதமாற்றம், பதங்களின் விதி. ‘யூடெக்டிக்’ (கலவை மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் சேர்மானம்) என்பதற்கு யாழ்ப்பாணத்து அக்கா சொல் கேட்டிருந்தார். 183 பாகையில் உருகும் ஈயம்–வெள்ளீயப் பற்றாசை வைத்து அதைத் தனி மடலில் எழுதுகிறேன். ‘கட்டின்மை’ பற்றிக் கோவை ஐயாவின் கருத்து எனக்குக் கட்டாயம் வேண்டும்.

அன்புடன்,
பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து