லாரிப் பட்டையில் அடித்த அரிவாளைத் தண்ணீரில் தோய்க்கலாமா?

புதுஉலை:
கோவையில் வீட்டுக் கொல்லைப்புறத்தில், பழைய லாரி பிரேக் டிரம்மை உலையாக்கி, ஒரு சிறிய புளோயரையும் சீமைக்கருவேலங்கரியையும் வைத்துக்கொண்டு ஓராண்டாக விடுமுறை நாட்களில் மட்டும் இரும்படித்து வருகிறேன். கொக்கி, கீல், இரண்டு குறடுகள் என்று பழகிய பிறகு, சென்ற ஞாயிறன்று பழைய இரும்புக் கடையில் வாங்கிய லாரிப் பட்டையில், அதாவது லாரியின் அடியில் சுமை தாங்கும் வில் தகட்டில், முதன்முறையாக ஓர் அரிவாள் அடித்தேன். வடிவம் எனக்கே வியப்பூட்டும் அளவுக்கு நன்றாக வந்தது. மாலை நான்கு மணிக்கு அதை நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முழுவதுமாக இறக்கினேன். இரண்டு விநாடி கழித்து ‘டிக்’ என்றொரு ஓசை கேட்டது. எடுத்துப் பார்த்தால் வெட்டும் வாயிலிருந்து முதுகை நோக்கி ஓர் அங்குல நீளத்துக்கு மயிரிழை போன்ற வெடிப்பு. தண்ணீர் தவறா, நான் தவறா?

அடைகல்:
தம்பி, தவறு தண்ணீரில் இல்லை. மானாமதுரைப் பக்கம் எங்கள் பட்டறையில் என் அப்பா நாற்பது ஆண்டுகளாக அரிவாளுக்குத் தண்ணீரில்தான் தோய்ச்சல் போடுகிறார். லாரிப் பட்டைதான் அவருக்கும் மூலப்பொருள். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு எண்ணெய் எண்ணெய் என்று சொல்பவர்கள் இப்போது வரிசையாக வருவார்கள். மாலை நான்கு மணி வெயிலில் காய்ச்சியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வெளிச்சத்தில் மங்கலான சிவப்பாகத் தெரியும் இரும்பு, நிழலுக்குக் கொண்டுவந்தால் ஆரஞ்சாக இருக்கும். நீங்கள் இரும்பைத் தீய்த்துவிட்டீர்கள்.

வெப்பப்பதம்:
அம்பத்தூரில் வெப்பப் பதனிடும் தொழிற்கூடமொன்றில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். லாரிப் பட்டைகளில் வழக்கமாகக் காணப்படும் எஃகு வகைகளில் ஒன்று ஈஎன்45. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரைதான் என்றாலும், சிலிகான் 1.5 முதல் 2 சதவீதம் வரையும் மாங்கனீசு ஒரு சதவீதத்தை ஒட்டியும் இருக்கும். மற்றொரு வகையான எஸ்யூபி9 எஃகில் சிலிகானுக்குப் பதிலாகக் குரோமியம் வேலை செய்கிறது. இந்தக் கலப்புகளின் பயனே, எஃகு மெதுவாகக் குளிர்ந்தாலும் இறுகிவிடும் என்பதுதான். ஆகவே எண்ணெயின் வேகமே இவற்றுக்குப் போதும். தண்ணீரில் இறக்கும்போது வெளித்தோல் முதலில் இறுகுகிறது; உள்பகுதி சற்றுப் பின்தங்கி மார்டென்சைட்டாக, அதாவது எஃகின் இறுகிய வடிவமாக, மாறி விரியும்போது, ஏற்கெனவே கண்ணாடியைப் போலாகிவிட்ட தோல் இழுபட்டுக் கிழிகிறது. நீங்கள் கேட்ட ‘டிக்’ அதுதான். இறக்கிய உடனே கேட்காமல் இரண்டு விநாடி கழித்துக் கேட்டதற்கும் காரணம் இதுவே.

அடைகல்:
கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறீர்கள் ஐயா. ஈரோடு பக்கம் கொடுமணலில் பழங்காலத்தில் உருக்கு செய்தபோது எந்த எண்ணெய் ஆராய்ச்சி இருந்தது? என் அப்பா எப்படிச் செய்கிறார் என்று சொல்கிறேன். எந்த இடத்தில் தவறு என்று காட்டுங்கள். கூரைக்குக் கீழே, இருட்டில் நிறம் பார்ப்பார். அரிவாளின் வாயை மட்டும் கட்டைவிரல் அகலத்துக்குத் தண்ணீரில் வைத்து, அசைத்துக்கொண்டே சிறிது நேரம் பிடிப்பார். முதுகு அப்போதும் சிவந்தே இருக்கும். உடனே வெளியே எடுத்துச் செங்கல் துண்டால் வாயை இரண்டு தேய் தேய்ப்பார். வெளுத்த இரும்பின் மேல் முதுகுச் சூடு இறங்கி வரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு செம்பழுப்பு, பிறகு மயில்கழுத்து. மயில்கழுத்து வாயை எட்டுவதற்கு ஒரு நூல் முன்னால் முழு அரிவாளையும் தண்ணீரில் போட்டுவிடுவார். அவ்வளவுதான்.

வெப்பப்பதம்:
இதில் தவறே இல்லை என்பதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வைக்கோல் மஞ்சள் ஏறத்தாழ 220 டிகிரி, மயில்கழுத்து 280 டிகிரியை ஒட்டியது. உங்கள் தந்தையார் முதுகில் மிச்சமிருக்கும் சூட்டைக் கொண்டே வாய்க்குப் பதம் இறக்கி, அதன் அளவுமீறிய இறுக்கத்தைத் தணித்துவிடுகிறார். வாய் இறுகுகிறது, முதுகு மென்மையாகவே நிற்கிறது, வாயில் தேங்கும் இழுவிசையும் அடுத்த சில விநாடிகளிலேயே தளர்ந்துவிடுகிறது. ஆனால் புதுஉலை செய்தது இதுவல்ல. அவர் முழு அலகையும் இறக்கி, முழுக்கக் குளிரவிட்டார். ‘தவறு தண்ணீரில் இல்லை’ என்று நீங்கள் எழுதிய ஒற்றை வரியை நம்பி இன்னொருவர் வாளியில் முழு அரிவாளையும் இறக்கினால் அவருக்கும் இதேதான் நடக்கும். மரபு என்பது தண்ணீரில் இல்லை, கட்டைவிரல் அகலத்தில் இருக்கிறது. அதை நீங்கள் முதல் பதிவில் சொல்லவில்லை. கொடுமணலைப் பற்றி ஒரு வரி மட்டும்: தென்னாட்டு உருக்கில் கார்பன் ஒரு சதவீதத்துக்கும் மேல், அதற்கும் லாரிப் பட்டைக்கும் பெயரளவில்தான் உறவு.

சம்மட்டி:
மரச்சிற்ப உளிகள் அடிப்பதை மதுரையில் பொழுதுபோக்காகச் செய்துவருபவள் நான். எண்ணெயை ஆதரிப்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. எண்ணெய் என்று சொல்லிவிட்டு எந்த எண்ணெய் என்று சொல்லாமல் போவதால், புதியவர்கள் நேராக மெக்கானிக் கடைக்குப் போய்க் கழிவு இன்ஜின் ஆயிலை வாங்கி வருகிறார்கள். அந்தப் புகையை ஒருமுறை சுவாசித்தவள் சொல்கிறேன், வேண்டாம். கடலை எண்ணெய் போதும். ஐம்பது அறுபது டிகிரிக்கு முன்கூட்டியே சூடாக்கிக்கொண்டால், அது இளகி அலகை இன்னும் சீராகக் குளிர்விக்கும். அரைக் கிலோ அலகுக்கு ஐந்து லிட்டர் இருந்தால் எண்ணெயின் சூடு முப்பது டிகிரிக்குள்தான் ஏறும். இரும்புப் பாத்திரம், இரும்பு மூடி, பக்கத்தில் தண்ணீர் வாளி வைக்காதிருத்தல், இவை மூன்றும் கட்டாயம். வாயை மட்டும் இறக்கும் முறையை எண்ணெயில் செய்தால், வெளியே நிற்கும் சிவந்த முதுகு எண்ணெயைப் பற்றவைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. உடைந்த பொருளைப் பார்க்காமலேயே நீங்கள் இருவரும் வழக்காடுகிறீர்கள். புதுஉலை, அதை வைசில் மாட்டி, சாக்குத்துணியைச் சுற்றி, கண்ணாடி அணிந்துகொண்டு, வெடிப்பு இருக்கும் இடத்திலேயே ஒடியுங்கள். உள்முகம் ரவையைப் போல மினுமினுத்தால் அதிகச் சூடு. மைதாவைப் போல மழமழப்பான சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி. வெடிப்பின் பரப்பில் உலைக்கறுப்பு, அதாவது உலைச் சூட்டில் உண்டாகும் கறுப்புப் படலம், படிந்திருந்தால் அது தோய்ச்சலுக்கு முன்பே இருந்த வெடிப்பு. லாரிக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் வளைந்து நிமிர்ந்த பட்டையில் அப்படியும் இருக்கக்கூடும்.

புதுஉலை:
ஒடித்தேன். ஒரே அடியில் பீங்கான் தட்டைப் போல ஒடிந்தது. நுனிப்பக்கம் தெளிவான ரவை. வெறும் கண்ணுக்கே மணிமணியாகத் தெரிகிறது. பிடியை நோக்கிப் போகப் போக மணி சிறுத்து, மைதாவை நெருங்குகிறது. வெடிப்பின் பரப்பில் உலைக்கறுப்பு இல்லை. தண்ணீர் புகுந்த இடத்தில் மெல்லிய துரு மட்டும் இருக்கிறது. பிடிப்பக்கத்தில் மிஞ்சிய துண்டைக் காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல் சற்றே ஏற்றி, கூரை நிழலில் நிறம் பார்த்து, மறுபடியும் தண்ணீரிலேயே முழுதாக இறக்கினேன். இம்முறை மணி நன்றாகவே இருந்தது, ஆனாலும் ஒரு மூலையில் வெடித்தது.

வெப்பப்பதம்:
காந்தம் 770 டிகிரியில் ஒட்டாமல் போகும். இந்த எஃகுக்கு 830 முதல் 860 வரை போதும். நுனி அதையெல்லாம் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறது. அந்த அளவுக்கு அடைகல் சொன்னது சரி. ஆனால் சூடு சரியாக இருந்த துண்டும் வெடித்தது என்பதை அவர் கவனிக்க வேண்டுகிறேன். அவர் பட்டறையில் வெடித்தவை உலைக்குள் திரும்பிப் போய்க் களைக்கொத்தாகிவிடும். வாடிக்கையாளரின் கையில் இருப்பவை வெடிக்காதவை மட்டுமே.

அடைகல்:
நேற்றிரவு அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். களைக்கொத்து என்ற இடத்தில் சிரித்துவிட்டார். அவர் பழகிய காலத்தில் ஒரு புதுவகைப் பட்டை வந்து, ஒரே வாரத்தில் ஏழு அரிவாள்கள் வெடித்தனவாம். அதிலிருந்து ஒவ்வொரு பட்டையிலும் முதலில் இரண்டு விரல் துண்டு வெட்டி, தோய்த்து, ஒடித்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குகிறார். அந்தத் துண்டுகளை அவர் ஒடிப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். எதற்கென்று இதுவரை கேட்டதில்லை. சில பட்டைகளைத் தண்ணீரில் காட்டாமல், ஈரச் சாம்பலில் குத்தி எடுப்பாராம். முழு அரிவாளைத் தண்ணீரில் போட்டால் வெடிக்காதா என்று கேட்டேன். “வெடிக்கத்தானே செய்யும்” என்றார்.

புதுஉலை:
அதே பட்டையில் இன்னும் ஒன்றரை அடி மிச்சம் இருக்கிறது. முதலில் இரண்டு விரல் துண்டு, பிறகு கடலை எண்ணெய். ஐந்து லிட்டர் எதற்கு என்று அம்மா கேட்டார்; இன்னும் பதில் சொல்லவில்லை.