டியூப் மாட்டியதும் குரூப் இடம் மாறிவிட்டது, கழற்றிவிடலாமா?

கேள்வி:
10 மீட்டர் ஏர் ரைஃபிள். பேரல் முனையில் நீட்டிப்பு டியூப் ஒன்று மாட்டினேன். முன் சைட் (குறிவைக்கும் வளையம்) இப்போது அந்த டியூப் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் விழும் கூட்டம்) அளவு பழையபடிதான். ஆனால் மொத்தமாக இடப்பக்கம் கீழே ஒன்றரை வளையம் தள்ளி விழுகிறது. கண்ணருகே இருக்கும் ரியர் சைட்டின் திருகை ஒரு கிளிக் திருப்பினாலும் முன்பு போல குரூப் நகர்வதில்லை. முன் சைட் வளையத்துக்குள் டார்கெட்டின் கறுப்பு வட்டத்தைச் சுற்றித் தெரியும் வெள்ளையும் ஒல்லியாகிவிட்டது. கழற்றிவிடலாமா? கூடவே ஒரு காம்பென்சேட்டரும் (சுடும்போது முனை எகிறாமல் தடுக்கும் கருவி) போடு என்கிறான் நண்பன்.

பதில் 1:
கழற்றாதே தம்பி. குரூப் விரியவில்லை என்று நீயே சொல்லிவிட்டாய், பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. பேரல் முனையில் எதை மாட்டினாலும் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) விழும் இடம் மாறத்தான் செய்யும். மாறட்டும். எப்போதும் ஒரே மாதிரி மாறுகிறதா, அதுதான் விஷயம்.

இடப்பக்கம் கீழே விழுகிறது என்றால் முன் சைட் முன்பிருந்ததைவிட வலப்பக்கமாகவும் மேலேயும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு சைட்டுக்கும் இடைவெளி முன்பு 800 மி.மீ., இப்போது 900 என்று வை. 900-ல், முன் சைட் ஒரு மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு விலகினாலே டார்கெட்டில் 3.7 மி.மீ. தள்ளிப்போகும். வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ.தானே? உன் ஒன்றரை வளையம் வந்துவிட்டது பார். கண்ணுக்கே தெரியாத சாய்வு அது.

கிளிக் மந்தமானதற்கும் அதே இடைவெளிதான் காரணம். முன்பு 8 கிளிக் செய்த வேலைக்கு இனி 9 வேண்டும். இதில் நஷ்டமில்லை, நீ குறிவைப்பதில் வரும் சின்னப் பிசகும் அதே அளவு குறையும்.

வெள்ளை ஒல்லியானதுதான் உடனே சரிசெய்ய வேண்டியது, பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கறுப்பு 30.5 மி.மீ.; கண்ணிலிருந்து 1 மீட்டரில் இருக்கும் முன் சைட்டில் அது சுமார் 3 மி.மீ. இடத்தை அடைக்கும், 1.1 மீட்டரில் 3.3. முன் சைட் ரிங் மட்டும் பழைய 4.0 மி.மீ. ஆகவே இருந்தால் வெள்ளை எங்கிருந்து வரும்? 4.4 போட்டுப் பார். வெள்ளை போதாமல் சுட்டால் கண் சீக்கிரம் களைத்துவிடும், மையம் எது என்று தடுமாறும்.

பதில் 2:
அண்ணன் ஏர் ரைஃபிளை வைத்துச் சொல்கிறார். வெடிமருந்தால் சுடும் .22 ரைஃபிளில் கதை வேறு. அங்கே குண்டு வெளியேறும்போது பேரல் அதிர்ந்துகொண்டிருக்கும். முனையில் எடை கூடினால் அந்த அதிர்வே மாறும். வேகத்தில் விநாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 50 மீட்டரில் உயரம் ஏறக்குறைய 7 மி.மீ. மாறும், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான். மெதுவான குண்டு வெளியேறும் நேரத்தில் முனை சற்று மேலே பார்த்தால் இந்த வித்தியாசம் ஓரளவு ஈடாகும். ட்யூனரை (முனையில் மாட்டும், நகர்த்தக்கூடிய எடை) முன்னும் பின்னும் நகர்த்துவது இதற்காகத்தான். குண்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறினால் மறுபடி சோதிக்க வேண்டும்.

பதில் 3:
காம்பென்சேட்டர் வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேச துப்பாக்கி சுடுதல் சம்மேளனம்) ரைஃபிள் போட்டிகளில் காம்பென்சேட்டர், மசில் பிரேக் (பின்னுதைப்பைக் குறைக்கும் முனைக் கருவி) இரண்டுக்கும் தடை. டியூபில் துளையும் இருக்கக்கூடாது. ஏர் ரைஃபிளில் சிஸ்டத்தின் (சுடும் இயக்கப் பகுதி) பின்முனையிலிருந்து டியூப் முனைவரை மொத்த நீளம் 850 மி.மீ. தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
4.4 ரிங் போட்டேன், வெள்ளை நன்றாகத் தெரிகிறது. சைட்டையும் சரிசெய்துவிட்டேன். டியூப் ஆடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில் 1:
பேரலும் டியூபும் சேரும் இடத்தில் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போடு. ஐந்து சுடு, கழற்று, கோட்டுக்குக் கோடு பொருத்தி மாட்டு, மறுபடி ஐந்து. இரண்டு குரூப்பும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் நிம்மதி. விலகினால் திருகையும் டியூப் உட்காரும் இடத்தில் படிந்த எண்ணெயையும் பார், துடைத்துவிட்டு மாட்டு. போட்டிக்கு முந்தைய நாள் மட்டும் அதில் கை வைக்காதே.