மறு: வேல்யூ கேப்சர் – ‘மதிப்புக் கைப்பற்றல்’ வேண்டாமே

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். தம்பி கேட்டிருந்தது இது:

> சென்னைக்கு இரண்டாவதாக வரப்போகும் பரந்தூர் விமான நிலையத்துக்கு ரயில் நீட்டிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘வேல்யூ கேப்சர் ஃபைனான்ஸ்’ என்பதை ‘மதிப்புக் கைப்பற்றல் நிதி’ என்று போட்டிருக்கிறேன். இருக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. நம் ஊர்ப் பேப்பரில் கைப்பற்றுவது என்றால் அது போலீஸ்தான். காட்பாடி ஜங்ஷனில் கஞ்சா கைப்பற்றல், ரேஷன் அரிசி கைப்பற்றல் என்று படித்துப் பழகிய கண் நமக்கு. போதாததற்கு உங்கள் வரைவில் இரண்டு பத்தி தள்ளி ‘நிலம் கையகப்படுத்தல்’ வேறு வருகிறது. பரந்தூர் பக்கம் ஏகனாபுரத்தில் 2022-லிருந்து விமான நிலையத்துக்கு நிலம் தரமாட்டோம் என்று உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஊர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் நிலத்தையும் எடுத்துக்கொண்டு அதன் மதிப்பையும் எடுக்கப்போகிறார்களா என்றுதான் கேட்பார். கேட்பதில் தப்பும் இல்லை, நாம் எழுதியது அப்படி.

நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம். பேச்சுக்கு, லத்தேரியில் ஒருவருக்கு ரோட்டோரம் 10 சென்ட் இருக்கிறது, சென்ட் 3 லட்சம். பக்கத்தில் புதுப் பாதையும் ஸ்டேஷனும் வருகிறது, சென்ட் 5 லட்சம் ஆகிறது. அவர் ஒரு வேலிகூடப் போடவில்லை, சும்மா இருந்தவருக்கு 20 லட்சம் கூடிவிட்டது. அந்த 20 லட்சத்தில் ஒரு பகுதியைப் பாதை போட்டவர்கள் கேட்கிறார்கள், அவ்வளவுதான். பழைய 30 லட்சத்தை யாரும் தொடுவதில்லை. ஆகவே நம் சொல்லில், ஏறியதிலிருந்து மட்டும்தான், அதிலும் ஒரு பங்குதான் என்கிற இரண்டும் தெரியவேண்டும். ‘கைப்பற்றல்’ இரண்டையும் சொல்லவில்லை.

ஹாங்காங்கில் இதை நேரடியாகவே செய்கிறார்கள். ஸ்டேஷன் மேலும் பக்கத்திலும் கட்டடம் கட்டும் உரிமையை, ரயில் வராவிட்டால் அந்த நிலம் என்ன விலை போகுமோ அந்த விலைக்கு அரசு ரயில் நிறுவனத்திடம் தந்துவிடும். ரயில் வந்தபின் அங்கே எழும்பும் வீடுகளும் கடைகளும் வேறு விலைக்குப் போகும். இரண்டுக்கும் நடுவில் கிடைப்பதுதான் பாதைக்கான பணம். 1998-ல் திறந்த அவர்கள் விமான நிலையப் பாதையின் ஸ்டேஷன்களைச் சுற்றி எழுந்த கோபுரங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் வந்தவை.

லண்டனில் வேறு வழி. ஹீத்ரூ வரைக்கும் போகும் எலிசபெத் பாதைக்காக 2010 ஏப்ரலிலிருந்து வணிகக் கட்டடங்களுக்கு மட்டும், அதுவும் வரிமதிப்பு (வரிக்காகக் கணக்கிடும் ஆண்டு வாடகை மதிப்பு) 55,000 பவுண்டுக்கு மேல் உள்ளவற்றுக்கு மட்டும், அந்த மதிப்பில் பவுண்டுக்கு 2 பென்ஸ் கூடுதல் வரி போட்டார்கள். பெட்டிக்கடைக்கு இல்லை, குடியிருக்கும் வீட்டுக்கும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்த இடம் ஹீத்ரூதான். விமான நிலையம் தன் பங்காக 23 கோடி பவுண்டு தரும் என்று பேசியிருந்தார்கள், கடைசியில் அது 7 கோடியாகச் சுருங்கியது. ஓடுதளம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, ரயில் வந்தாலும் கூடுதலாகப் பயணிகள் பெரிதாக வரப்போவதில்லை, அப்புறம் எதற்கு அவ்வளவு பங்கு என்பது வாதம். ஏற்றம் இல்லை என்றால் பங்கும் இல்லை! இந்தத் தர்க்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் நாட்டில் 2017-ல் மத்திய நகர்ப்புற அமைச்சகம் இதற்கு ஒரு கொள்கைச் சட்டகமே வெளியிட்டது. அதே ஆண்டு மெட்ரோ கொள்கையும் இந்த வழியைப் பார்க்கச் சொன்னது. நம் தம்பி எழுதும் பூந்தமல்லி–பரந்தூர் மெட்ரோ நீட்டிப்பு சுமார் 53 கிலோமீட்டர், அதில் முதல் பகுதி சுங்குவார்சத்திரம் வரை சுமார் 28. ஒரு தூண் எழும்புவதற்கு முன்பே நம் வேலூர்ச் சுவர்களில்கூட ‘பரந்தூர் ஏர்போர்ட் அருகில் வீட்டுமனை’ நோட்டீஸ் பார்க்கிறேன், ஏற்றம் ரயிலுக்கு முன்னாலேயே ஓடுகிறது.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

‘மதிப்புக்கூட்டல்’ ஏற்கெனவே போய்விட்டது. மதிப்புக்கூட்டு வரி என்று வாட் வரிக்கு எழுதி எழுதிக் கடைக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடம். ‘விலையேற்றப் பங்கு’ என்று ஒருமுறை எழுதிப் பார்த்தேன், வெங்காய விலை ஞாபகம் வருகிறது. ‘நிலவேற்றம்’ அழகாக இருக்கிறது, ஆனால் நிலத்தின் ஏற்றமா நிலவின் ஏற்றமா என்று புணர்ச்சி மாட்டிவிடுகிறது, பௌர்ணமி அன்றைக்குத்தான் வசூல் செய்யலாம். ‘மதிப்பு அறுவடை’ என்று சத்துவாச்சாரி நண்பர் சொன்னது கேட்க இனிமை, ஆனால் அறுவடை என்றால் முழு வயலும் போய்விடும், பங்கு தெரியாது.

என் முன்மொழிவு: ஏற்றப்பங்கு. சேர்த்து ஒரே சொல்லாக. ‘ஏற்றப்பங்கு நிதி’, ‘ஏற்றப்பங்கு வீதம்’ என்று நீட்டலாம். இங்கே மனை வாங்கி விற்பவர்கள் “ரயில் வந்தா ஏத்தம்தான்” என்றே பேசுகிறார்கள், புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. கூடவே ‘முன்விலை’, ‘பின்விலை’ என்று இரண்டு துணைச்சொல்லும் வேண்டும், ஏனென்றால் தகராறு முழுக்க அங்கேதான் வரும். எந்த விலையை முன்விலை என்பது? பதிவுத்துறை வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப்பதிவுக்கு அரசு வைக்கும் மதிப்பை எடுத்தால், 2017-ல் அதை 33 சதவீதம் குறைத்து 2023-ல் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். அந்தக் கணக்கில் ஒரு தண்டவாளமும் போடாமலேயே காகிதத்தில் சுமார் 50 சதவீத ஏற்றம்! அதிலும் பங்கு கேட்டால் மனைக்காரர் கோர்ட்டுக்குத்தான் போவார். ஆகவே முன்விலைக்கு வரையறை எழுதும்போது அறிவிப்புத் தேதிக்கு முந்தைய சந்தை விலை என்று தெளிவாகப் போடுங்கள்.

மற்றபடி நீங்கள் போட்ட புறநகர் ரயில், கிளைப்பாதை, நீட்டிப்பு எல்லாம் சரி. ‘ஃபேர்பாக்ஸ் ரெவின்யூ’வுக்குக் ‘கட்டணப்பெட்டி வருவாய்’ மட்டும் வேண்டாம், ‘டிக்கெட் வருவாய்’ என்றால் போதும். எந்தப் பெட்டி, ரயில்பெட்டியா?

இதை அனுப்பப் போகும்போது ஆரணி அக்கா மடல் வந்துவிட்டது.

> பங்கு என்றால் இப்போது பசங்களுக்கு ஷேர் மார்க்கெட்தான். ஏற்றப்பங்கு என்றால் இன்றைக்கு விலை ஏறிய ஷேர் என்று நினைப்பார்கள். நம் ஊரில் நிலத்தை வாரத்துக்கு விடுவதில்லையா? விளைச்சலில் மேலே உள்ளவருக்கு மேல்வாரம், உழுபவருக்குக் குடிவாரம் என்று பழைய நிலக்கணக்கிலேயே இருக்கிறதே. ‘ஏற்றவாரம்’ என்று வையுங்கள்.

அக்கா, ஷேர் மார்க்கெட் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, நான் யோசிக்கவே இல்லை. விளைந்ததில் ஒரு பகுதி என்ற பொருளும் வாரத்தில் அச்சாக உட்காருகிறது, விளையாவிட்டால் வாரமும் இல்லை, ஹீத்ரூ கதைதான். ஆனால் மேல்வாரம் என்றால் ஜமீன் வாடை அடிக்கிறது, மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வந்து நின்றவர்கள் அவர்கள். அதோடு பத்திரப்பதிவுக்கு வந்தவரிடம் “ஏற்றவாரம் கட்டிட்டீங்களா” என்று கேட்டால் எந்த வாரம் என்று நாள்காட்டியைப் பார்ப்பாரே!

தம்பி வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும் என்றார். கீழே உள்ள வாக்கியத்தில் ஏற்றப்பங்கு, ஏற்றவாரம் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டு, வீட்டில் கலைச்சொல் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை மட்டும் வியாழன் இரவுக்குள் இந்த இழையில் எழுதுங்கள்:

“நீட்டிப்புப் பாதையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள மனைகள் விற்கப்படும்போது, முன்விலைக்கு மேல் கிடைத்த தொகையில் மட்டும் ஏற்றப்பங்கு வசூலிக்கப்படும்.”