பனியன் யூனிட் கட்டடத்துக்கு பிம் மாடல் வேணுமா? ஓனருங்க ஏன் வேண்டாம்ங்கறாங்க?

பல்லடத்துக்காரன்:
வணக்கமுங்க. பல்லடம் பக்கம் புது யூனிட் கட்டப் போறோமுங்க, கடக்கால் தோண்ட இன்னும் ரெண்டு மாசம் இருக்குது. ஆர்க்கிடெக்ட் பிம் மாடல் (பில்டிங் இன்பர்மேஷன் மாடலிங், கட்டடத்தை தகவலோட கம்ப்யூட்டர்ல போடறது) போட்டுத்தான் பண்ணோணும்ங்கறாரு, அதுக்கு தனி பீஸ். எங்க அய்யன் என்னடான்னா அப்ரூவலுக்கு சாதா டிராயிங்கே போதும், கம்ப்யூட்டர்ல படம் பாக்க எதுக்கு காசுன்னு கேக்கறாரு. தெரிஞ்ச மூணு ஓனருங்ககிட்ட விசாரிச்சேன், மூணு பேரும் வேண்டாம்னுட்டாங்க. நெசமாவே நமக்கு பிரயோஜனம் இருக்குதுங்களா?

ஈரோடு சைட்:
3டி படம் வேறங்க, பிம் வேறங்க. பிம்முல ஒரு பைப்பை வரைஞ்சா அதோட சைஸு, மெட்டீரியலு, எந்த மட்டத்துல போவுதுன்னு எல்லாம் அதுக்குள்ளயே இருக்கும், பீம்ல போய் முட்டுனா மொதல்லயே காட்டிக் கொடுத்துரும். நம்ம பக்கம் ஏன் எடுபடலைன்னா, சிவில் வேலை சதுரடி ரேட்ல ஒருத்தருக்கு, கரண்டு வேலை ஒறம்பரைல ஒருத்தருக்கு, ஸ்டீம் லைன் பாய்லர்காரருக்குன்னு பிரிச்சு விட்டுடறோம், எல்லாரையும் ஒண்ணா உக்கார வெக்க ஆளே இல்லீங்க. பிம்முக்கு எல்லாத்தையும் கடக்காலுக்கு முன்னாடியே முடிவு பண்ணோணும். நாம ஸ்லாப் போட்டப்பறம்தான் பாய்லர் எங்கன்னே பேச ஆரம்பிக்கறோம். இன்னொண்ணு, செங்கல் ஒண்ணுகூட கண்ணுல படறதுக்கு முன்னாடியே காசு எடுக்கோணும், அது ஓனருக்கு மனசு வராது. நான் பாத்த ஒரு சைட்ல ஸ்டீம் லைனுக்காக பீம்லயே கோர் கட்டிங் மெஷின்ல ஓட்டை போட்டுட்டாங்க, அப்பறம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பாத்து வேலையையே நிறுத்திட்டாரு. இன்னும் நெனச்சா பதறுதுங்க.

மெயின்டனன்ஸ் கோவை:
மேல சொன்னது கட்டறப்ப வர்ற லாபம். ஓனருக்கு பெரிய லாபம் கட்டி முடிச்ச பொறவுதாங்க. அமெரிக்காவுல என்ஐஎஸ்டிங்கற அரசு தர நிர்ணய அமைப்பு 2004ல ஒரு கணக்கு வெளியிட்டாங்க, கட்டடத் தகவல் ஒரு சாப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு ஒழுங்கா போகாததுல வருசத்துக்கு 1580 கோடி டாலர் வீணாவுதுன்னு. அதுல மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க, கட்டடத்தை ஓட்டறவங்க தலையிலதான் விழுந்துச்சு. நான் வேலை பாத்த ஒரு எடத்துல மாடலுக்கு காசு கொடுத்து வாங்குனாங்க, ஆனா சாவி குடுக்கறப்ப வந்தது ரெவிட்ங்கற மாடல் சாப்ட்வேரோட பைல் மட்டும். தெறக்க லைசென்ஸ் இல்ல, கத்துக்க ஆள் இல்ல. பொறவு செவுத்தை மாத்துனோம், பேனலை மாத்துனோம், மாடல்ல யாரும் ஏத்தலை. இப்ப அது எதுக்கும் ஆவாதுங்க. அதனால ஐஎஃப்சி பைலும் (ஒரே கம்பெனி சாப்ட்வேரை நம்பி இருக்காத பொது வடிவம்) சேர்த்துக் கேளுங்க, அதை தெறக்க இலவச வியூவரே போதும்.

மாடலர் திருப்பூர்:
அண்ணா, நான் இங்க உக்காந்து இங்கிலாந்து வேலைக்கு மாடல் போடறேனுங்க. அங்க மத்திய அரசு கட்டடங்களுக்கு 2016 ஏப்ரல்ல இருந்தே பிம் கட்டாயம். எனக்கு பெரிய வித்தியாசமா தெரியறது, அங்க ஓனர் தனக்கு என்ன தகவல் வேணும்னு மொதல்லயே எழுதிக் குடுத்துடறாரு, பிம்முக்கான சர்வதேச தரமான ஐஎஸ்ஓ 19650ம் அதைத்தான் சொல்லுது. நம்மூர்ல அந்த பேப்பரே வராது, அப்பறம் குடுத்த பீஸுக்கு என்ன கெடைக்கும்னு ஓனருக்கு எப்படித் தெரியும்? எல்லாத்தையும் மாடல் பண்ணச் சொல்லாதீங்க, பீஸ்தான் ஏறும். ஸ்டீம், கம்ப்ரஸர் ஏர் லைன், கரண்டு பேனல், பயர் லைன், தரைக்கடியில போற பைப்பு, இது போதும். மாடல் யாருக்கு சொந்தம்னு அக்ரிமெண்ட்ல மறக்காம எழுதுங்க.

பல்லடத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. தரைக்கடி பைப்புன்னதும் போன வருசம் பழைய யூனிட்ல லீக் தேடி மூணு எடத்துல தரையை ஒடச்சது ஞாபகம் வந்துருச்சு, அன்னைக்கு அய்யனும் கூடவே நின்னாரு. அந்த எடத்துக்கே கூட்டிட்டுப் போய் பேசிப் பாக்கறேன். மாடலர் அம்மிணி, ஓனர் எழுதிக் குடுக்கற அந்த பேப்பர்ல மொதல்ல என்னென்ன எழுதோணும்னு கொஞ்சம் சொன்னா, ஞாயித்துக்கிழமை ஆர்க்கிடெக்ட்டை பாக்கறப்ப கையோட கொண்டு போயிருவேன்.