மேல்கோட்டைக்குப் பழைய கார்களில் செல்ல வழி கேட்டு

பெங்களூருவில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு வணக்கம். பழைய கார்களைப் பராமரித்துவரும் நாங்கள் சில குடும்பத்தினர், அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, இராமானுசர் வாழ்ந்த மேல்கோட்டைக்குச் சேர்ந்து சென்றுவர எண்ணியுள்ளோம். எல்லாம் பிரீமியர் பத்மினி, அம்பாசிடர் வகை வண்டிகள் என்பதால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் விருப்பம் எவருக்கும் இல்லை. மற்றவர்கள் 100-இல் விரையும் மைசூரு விரைவுச்சாலையில் அந்த நிதானம் எங்களுக்கும் பிறருக்கும் ஆபத்தாகவே முடியும். ஆகவே மாகடி, ஹுலியூர்துர்கா, நாகமங்கலா வழியாகச் செல்லலாமா என்று யோசிக்கிறோம். அண்மையில் அவ்வழியே சென்றவர்கள், சாலையின் நிலையையும், முதியவர்களுக்கு ஏற்ற தூய்மையான கழிப்பறை உள்ள உணவகங்களையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

மற்றொரு கவலை வெயில். பெட்ரோல், அதைக் காற்றுடன் கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரை அடையுமுன்பே குழாயில் சூடேறி ஆவியாகி, வண்டி நின்றுவிடும் தொல்லை என் பத்மினிக்கு நண்பகலில் உண்டு. பம்பின்மேல் ஈரத்துணி போடும் பழைய வைத்தியம் நெடும்பயணத்துக்குப் போதாது. தவிர, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கக்கூடும் என்பதால், அதைத் தாங்கும் குழாய்களைப் பொருத்த விரும்புகிறேன். அவை ஜே.சி. சாலைக் கடைகளில் கிடைக்குமா, கார்புரேட்டரைக் கண்டு தயங்காத மெக்கானிக் யாரையேனும் அறிவீர்களா?