மனைவி ஊரில் இல்லாத நேரத்தில் வரும் சோதனை: என்ன செய்வது?

மலைச்சாரல், கோத்தகிரி

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 31. அரவேணு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுகிறேன். மனைவி தலைப்பிரசவத்துக்காகத் திருநெல்வேலியில் தாய்வீட்டில் இருக்கிறாள்.

இப்போது இலை வரத்து அதிகம், வேலை முடிய ராத்திரி ஒன்பது ஆகிவிடுகிறது. கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கடைசி பஸ் தவறினால் என் பைக்கில்தான் வீட்டில் விடுகிறேன். உதவியாகத்தான் ஆரம்பித்தது. இப்போது பஸ் போய்விடாதா என்று மனம் ஏங்குகிறது. "போய்ச் சேர்ந்தீங்களா" என்று வாட்ஸ்அப்பில் தொடங்கும் பேச்சு பதினொரு மணி வரை நீள்கிறது. தப்பாக எதுவும் நடக்கவில்லை. அவங்க மேல் ஒரு குற்றமும் இல்லை. ஜெபம் பண்ணி எழுந்தால் கை நேராகப் போனுக்குப் போகிறது. இச்சையோடு பார்த்தாலே இருதயத்தில் விபசாரம் என்று சொல்லும் மத்தேயு 5:28 வாசித்தால் நடுக்கமாக இருக்கிறது. நான் ஏற்கனவே விழுந்துவிட்டேனா? வேலையை விடவும் வழியில்லை.

நைட் ஹால்ட், குன்னூர்

தம்பி, சோதிக்கப்படுவதே பாவம் இல்லை. ஆண்டவரும் "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்" பாவமில்லாதவர் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. ஆனால் பஸ் தவறவேண்டும் என்று காத்திருக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து. இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கும் என்று யாக்கோபு எழுதியது இந்த இடத்தைத்தான்.

யோசேப்பைப் பற்றிப் பிரசங்கித்தால், எஜமானின் மனைவி தப்பாக அழைத்துப் பிடித்தபோது வஸ்திரத்தை விட்டு ஓடியதை மட்டும் சொல்வார்கள். ஆதியாகமம் 39:10-ஐ வாசியுங்கள். அவள் நித்தம் நித்தம் பேசியும் அவன் "அவளோடே இருக்கவும்" சம்மதிக்கவில்லை. அவன் அடிமை, வேலையை விட முடியாது. அதே வீட்டில் வேலை செய்துகொண்டே தனியாக நிற்பதை மட்டும் தவிர்த்தான். உங்கள் நிலைமையும் அதுதானே? உங்களோடு வேலை செய்பவர் அவன் எஜமானியைப் போன்றவர் என்று சொல்லவில்லை. ஐயோ பாவம், அந்தப் பெண் வீடு போய்ச் சேரத்தான் பார்க்கிறாள்.

நான் பல வருஷம் மலை ரூட்டில் பஸ் கண்டக்டர். பஸ் ராத்திரி நின்று காலையில் கிளம்பும் நைட் ஹால்ட் ஊர்களில் தனியாகத் தங்க இடம் கிடைத்தாலும் டிரைவரோடு பஸ்ஸிலேயே படுத்துக்கொள்வேன். குளிரில் கால் விறைத்துப்போகும், இருந்தாலும் அதுதான் எனக்குப் பாதுகாப்பு. நாளைக்கே மேனேஜரிடம் போய், லேட்டாகும் நாளில் பெண்களை வீட்டில் விட வண்டி கேளுங்கள். காட்டெருமை நிற்கிற ரோடு, பனிமூட்டம் வேறு, நியாயமான கோரிக்கைதான். 1 கொரிந்தியர் 10:13 சொல்லும் தப்பிக்கொள்ளும் போக்கு உங்களுக்கு அந்த வண்டியாக இருக்கலாம். உங்கள் மனைவியிடமும் சொல்லிவிடுங்கள்.

மரியா அக்கா, ஊட்டி

ஐயா சொன்னதில் கடைசி வரி மட்டும் எனக்கு ஒப்பவில்லை. நிறைமாதத்தில் இருப்பவளிடம் போனில் இதைக் கொட்டாதீர்கள். ராத்திரி முழுக்க அவள் தூக்கமில்லாமல் புரளுவாள். முதலில் சபையில் நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். மனைவியிடம் பிறகு நேரில் உட்கார்ந்து பேசலாம்.

அந்தப் பெண்ணையும் நினையுங்கள் தம்பி. ஒருமுறை என்னோடு வேலை செய்தவர் திடீரென்று முகம் கொடுக்காமல் போனார். நான் என்ன தப்பு செய்தேன் என்று பல மாசம் குழம்பினேன். "உங்களால் எனக்குச் சோதனை" என்று அவளிடம் சொல்லவே வேண்டாம், அந்தப் பாரத்தை அவள் ஏன் சுமக்க வேண்டும்? "ராத்திரி மெசேஜ் வேண்டாம், வேலை விஷயம் பகலில் பேசலாம்" என்று மரியாதையாகச் சொன்னால் போதும். வணக்கம், நலம் விசாரிப்பு எல்லாம் பழையபடி இருக்கட்டும்.

அப்புறம், அந்த மெசேஜ் போடும் நேரத்தில் திருநெல்வேலிக்கு மனைவிக்குப் போன் போடுங்கள். குழந்தை உதைக்கிறதா என்று கேளுங்கள்.

மலைச்சாரல், கோத்தகிரி

ரொம்ப நன்றி. இன்று மேனேஜரிடம் கேட்டேன், இலை ஏற்றும் வண்டி டிரைவரோடு பேசிச் சொல்வதாகச் சொன்னார். அதுவரை இன்னொரு அக்காவையும் அவங்களோடு சேர்த்து ஆட்டோவில் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறேன். மெசேஜ் விஷயத்தையும் சொல்லிவிட்டேன், "சரிங்கண்ணா" என்றார்கள். ஐயா, உங்களோடு தனியாகப் பேச ஆசைப்படுகிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்து குன்னூர் வரட்டுமா?