201 நிமிடம் உருளைக்கிழங்கு உரித்தால் உலகின் தலைசிறந்த படமா?

கட்டைவண்டி:
'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கு கேட்டு உலகின் தலைசிறந்த படங்களின் பட்டியல் போடுகிறது. 1952-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம். 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்'. 2012-இல் 'வெர்டிகோ'. இதுவரை எனக்குச் சண்டை இல்லை. 2022-இல் வந்ததோ பெல்ஜியப் பெண் இயக்குநர் சாந்தால் அகெர்மான் 1975-இல் எடுத்த 'ழான் தீல்மான்'. புருசெல்ஸில் ஒரு விதவை மூன்று நாள் சமைக்கிறார், பாத்திரம் கழுவுகிறார், மகனுக்குச் சாப்பாடு போடுகிறார். மதியம் பிழைப்புக்காக உடலை விற்கிறார், ஆண்கள் வந்து போகிறார்கள். கேமரா போட்ட இடத்தில் அப்படியே நிற்கும். 201 நிமிடம். நான் ஒன்றரை மணி நேரத்தில் அணைத்துவிட்டேன். 2012-இல் முப்பதுகளில் கிடந்த படம் எப்படி ஒரே தாவலில் உச்சிக்குப் போகும்? படம் மாறவில்லை, ஓட்டுப் போட்டவர்கள் மாறிவிட்டார்கள்.

திண்ணைப்பேச்சு:
மாறினார்கள்தான். 2012-இல் 846 பேர், 2022-இல் 1,639 பேர். அதில் என்ன குற்றம் அண்ணே? 1952-இல் 'சிட்டிசன் கேன்' முதல் பத்திலேயே இல்லை. 'வெர்டிகோ' 1958-இல் வந்தபோது யாரும் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை, முதல் பத்துக்குள் நுழையவே 1982 ஆனது. அந்தப் படங்களும் மாறவில்லையே. அப்போது வராத கோபம் இப்போது மட்டும் ஏன்?

கட்டைவண்டி:
கோபம் நீளத்தின் மேல் இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். 'செவன் சாமுராய்' 207 நிமிடம், இதைவிட ஆறு நிமிடம் அதிகம். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்த்ததில்லை. தொடக்கத்தில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மூத்த சாமுராய் கம்பெய் தன் குடுமியை மழித்துக்கொள்வார். சாமுராய்க்குக் குடுமிதான் மானம். ஊரே வாயைப் பிளந்து பார்க்கும். ஒரு குழந்தையைத் திருடனிடமிருந்து மீட்கத் துறவி வேஷம் போடுகிறார் என்று பிறகுதான் புரியும். அந்த ஆள் யார் என்று வசனமே இல்லாமல் தெரிந்துவிடுகிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசவா அதை 1954-இல் செய்தார். 'ஷோலே' வரை அதன் சாயல் ஓடுகிறது. அந்தப் படம் 2022 பட்டியலில் 20-ஆம் இடமாம். சண்டைப் படம் என்றால் விமர்சகர்களுக்கு ஒரு படி கீழேதான்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் 'முதலிடம்' என்ற சொல்லைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஓட்டு எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? ஒவ்வொருவரும் பத்துப் படம் எழுத வேண்டும். வரிசை கிடையாது, எல்லாவற்றுக்கும் தலா ஒரு ஓட்டு. 2012-இல் 'வெர்டிகோ' வாங்கியது 191, 'கேன்' 157. அதாவது 846 பேரில் 655 பேர் தங்கள் பத்தில் 'வெர்டிகோ'வை எழுதவே இல்லை. இதில் உலகின் தலைசிறந்த படம் எங்கே வந்தது? இயக்குநர்களுக்குத் தனி வாக்கெடுப்பு உண்டு. 2022-இல் அவர்கள் முதலிடம் கொடுத்தது '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'க்கு. விண்வெளிப் படம், போதுமா?

கட்டைவண்டி:
கணக்கு சரி. ஆனால் செய்தித்தாளில் 'உலகின் தலைசிறந்த படம்' என்றுதானே போடுகிறார்கள். புதிதாக ஒரு பையன் அதை நம்பி இதைப் போட்டுப் பார்த்தால், பழைய படம் என்றாலே ஓடிவிடுவான். அவனிடம் 'தி ஜெனரல்' கொடுங்கள். 1926, ஊமைப்படம், ரயில் துரத்தல். நாயகன் பஸ்டர் கீட்டன் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது, இவன் விழுந்து விழுந்து சிரிப்பான்.

திண்ணைப்பேச்சு:
கொடுக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். முதல் படமாக 'ழான் தீல்மா'னை நானும் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் நிறுத்திய இடம்தான் என் வருத்தம். இரண்டாம் நாள்தான் படமே திரும்புகிறது. வந்தவர் போன பிறகு அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு குழைந்துபோயிருக்கும். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அறை அறையாகப் போவார். அது வரை அந்தப் பெண் ஒரு அசைவைக்கூட வீணாக்கியதில்லை. விளக்கைப் போட்டு அணைப்பதில்கூட ஒரு ஒழுங்கு. அதை ஒரு மணி நேரத்துக்கு மேல் நம் கண்ணுக்குப் பழக்கிய பிறகுதான் ஒரு குழைந்த கிழங்கு வயிற்றைக் கலக்கும். உங்கள் சாமுராய் மழைச் சண்டைக்கு எனக்கு இப்படிப் படபடத்ததில்லை. வெட்டினால் பத்து நிமிடக் குறும்படம் ஆகும், ஆனால் கலக்காது.

கட்டைவண்டி:
குழைந்த கிழங்குக்கா இவ்வளவு! எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை நடக்கிறது, யாரும் விருது தரவில்லை.

திண்ணைப்பேச்சு:
குழைந்ததும் உங்கள் வீட்டில் யார் முகம் மாறுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
அண்ணனை விடுங்கள். மூன்றாம் நாள் மதியம் என்ன ஆகிறது என்று சொன்னால் தானாக வழிக்கு வருவார்.

திண்ணைப்பேச்சு:
சொல்லாதீர்கள், தயவுசெய்து.

கட்டைவண்டி:
நேற்று இரவு நிறுத்திய இடத்திலிருந்து மறுபடி போட்டேன். 20-ஆம் இடம் அநியாயம் என்பதில் மாற்றமில்லை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கு தாண்டிவிட்டது. இப்போது மூன்றாம் நாள், காபி ருசி சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி போடுகிறார். தூக்கம் வருவதற்குப் பதில் ஏனோ எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மீதியை இன்று இரவு பார்ப்பேன். அதுவரை இங்கே யாராவது முடிவை எழுதினீர்களோ, தொலைந்தீர்கள்.